தொலைபேசியில் பிறந்த படகு

1969-ஆம் ஆண்டில் ஒருநாள், கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து இயன் புரூஸ் தன் நண்பர் புரூஸ் கிர்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். முகாம் போகிறவர்களுக்கான சாமான் வரிசை ஒன்றை வடிவமைத்துத் தரும்படி ஹட்சன்ஸ் பே கம்பெனி இயன் புரூஸிடம் கேட்டிருந்தது. 1670-இல் தொடங்கிய பழம்பெரும் வணிக நிறுவனம் அது. மற்றச் சாமான்களோடு, காரின் கூரைமேல் வைத்துக் கட்டிக்கொண்டு போகிற அளவில் ஒரு சின்னப் பாய்மரப் படகும் வேண்டும் என்பது பேச்சு. புரூஸ் சொல்லச் சொல்ல, கிர்பி கையருகே கிடந்த தாளில் வரைந்துகொண்டே வந்தார். பேசி முடிப்பதற்குள் படகின் உருவம் தாளில் வந்துவிட்டது. பிற்காலத்தில் படகுக்காரர்கள் ‘பத்து லட்சம் டாலர் கிறுக்கல்’ என்று பெயர் வைத்தது அந்தத் தாளுக்குத்தான்.

உலகம் முழுக்க இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கும் லேசர் படகு இப்படித்தான் பிறந்தது. சென்னையின் நேத்ரா குமணனும் வேலூர் விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக் போனது இந்தப் படகில்தான். நான் இதைச் செங்கோட்டைப் பக்கத்துப் பண்பொழியிலிருந்து எழுதுகிறேன். மேற்கே மலை, கிழக்கே வயலும் தென்னந்தோப்பும் குளங்களும். கடலைப் பார்க்கவேண்டுமானால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறவேண்டும். ஆனாலும் இந்தப் படகின் கதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும் என்று நம்புகிறேன். திசை மாறிக்கொண்டே இருக்கும் காற்றை யார் சரியாகப் படிக்கிறார் என்று அளந்து காட்டுகிற கருவி இது. அந்தக் காற்றோ செங்கோட்டைக் கணவாய் வழியாக வருஷத்தில் நாலு மாதம் எங்கள் வாசலுக்கே வருகிறது.

முதலில் படகை வரைந்தவரைப் பற்றி. கிர்பி படகு வடிவமைப்பைக் கல்லூரியில் படித்தவர் இல்லை. 1929-இல் ஒட்டாவாவில் பிறந்தார், செய்தித்தாளில் வேலை பார்த்தார், பிறகு பாய்மரப் படகுகளுக்கான இதழ் ஒன்றுக்கு ஆசிரியரானார். 1956, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக்குகளில் கனடாவுக்காகப் படகோட்டினார். 14 அடி நீளமுள்ள ‘இன்டர்நேஷனல் ஃபோர்ட்டீன்’ வகைப் படகுகளைத் தானாகவே வரைந்து பழகி, அவை பந்தயங்களில் ஜெயிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். இயன் புரூஸ் ஜமைக்காவில் பிறந்தவர். தொழில்முறை வடிவமைப்பாளர், படகு கட்டுபவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரும் ஓட்டியிருக்கிறார். மூன்றாவதாகக் கூட்டில் சேர்ந்தவர் ஹான்ஸ் ஃபோக், டென்மார்க்கிலிருந்து கனடாவில் குடியேறிய பாய் தைப்பவர். அதே 1960 ஒலிம்பிக்கில் டென்மார்க்குக்கு வெள்ளி வாங்கித் தந்தவர். ஆக, முகாம் சாமான் என்று கேட்டாலும், கேட்டவர், வரைந்தவர், தைத்தவர் மூவருமே பந்தயக்காரர்கள். கோடை விடுமுறைக்கு ஏரியில் மிதக்கவிடும் படகாக மட்டும் அது நின்றுபோக வாய்ப்பே இல்லை.

ஹட்சன்ஸ் பே கம்பெனி கடைசியில் படகு வேண்டாம் என்றுவிட்டது. வரைபடம் கிடப்பில் கிடந்தது. 1970-இல் கிர்பி ஆசிரியராக இருந்த இதழ் ஒரு போட்டியை ஏற்பாடு செய்தது: ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் சின்னப் படகுகள் மட்டும் ஒன்றோடொன்று மோதவேண்டும். ‘அமெரிக்காஸ் டீகப்’ என்று பெயர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில், அக்டோபர் மாதம். கிடப்பில் கிடந்த தாளை எடுத்துத் தூசி தட்டினார்கள். புரூஸ் கட்டினார், ஃபோக் பாய் தைத்தார். வார விடுமுறைக்கான படகு என்ற நினைப்பில் ‘வீக்கெண்டர்’ என்று பெயர். பாயில் ‘டி.ஜி.ஐ.எஃப்’ என்ற நாலெழுத்து. வெள்ளிக்கிழமை வந்துவிட்டதே என்று அங்கே வேலைக்குப் போகிறவர்கள் கடவுளுக்கு நன்றி சொல்லும் வாசகத்தின் சுருக்கம். பாயில் சில திருத்தங்கள் செய்தபிறகு படகு தன் பிரிவில் எளிதாக ஜெயித்தது.

பெயர் மாறியது ஒரு விருந்தில். இளைஞர்களுக்கான படகுக்கு இளைஞர்கள் வாயில் புழங்கும், அறிவியல் மணக்கும் ஒரு பெயர் வை, லேசர் மாதிரி, என்று அங்கிருந்த மாணவர் ஒருவர் சொன்னார். லேசர் ஒளிக்கதிரை முதன்முதலில் செய்து காட்டியது 1960-இல். அப்போது புதிதாகப் புழங்கிய சொல். அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடக் கதவுகளில் ஒட்டியிருக்கும் லேசர் எச்சரிக்கைக் குறி, கதிர் சிதறுகிற அந்த நட்சத்திரம், பாயின் உச்சியில் சிவப்பாக ஏறியது. 1971 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 595 டாலர் விலைக்கு வைத்தார்கள். கண்காட்சி முடிவதற்குள் நூற்றுக்கும் மேலான படகுகளுக்கு ஆர்டர் வந்துவிட்டது. 1974-இல் பெர்முடாவில் முதல் உலகப் போட்டி. 1996 அட்லாண்டாவில் லேசர் ஒலிம்பிக்கில் சேர்ந்தது, 2008 பெய்ஜிங்கில் சின்னப் பாயோடு பெண்களுக்கும் தனிப் பிரிவு கிடைத்தது.

இந்தப் படகை முதன்முறை பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். 4.23 மீட்டர் நீளம், வெறும் உடல் 59 கிலோ, உள்ளே காற்றடைத்த கண்ணாடியிழைக் கூடு. ஒரே ஆள், ஒரே பாய். பாய்மரம் இரண்டு துண்டாக வரும். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, பாயின் ஓரத்தில் உறைபோல் தைத்திருக்கும் பகுதிக்குள் விட்டு, அப்படியே தூக்கிப் படகின் குழியில் நிறுத்தவேண்டியதுதான். மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் எதுவும் கிடையாது. நடுவே ஒரு பிளவில் இறக்கும் பலகை, பின்னால் சுக்கான். பழகிய கைக்குக் கால்மணி நேரத்தில் கரையிலிருந்து தண்ணீருக்குப் போய்விடலாம்.

என்னைக் கேட்டால், கிர்பியும் புரூஸும் எடுத்த பெரிய முடிவு இதற்கப்புறம் வருகிறது. எல்லாப் படகும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்று அவர்கள் கறாராக நின்றார்கள். எந்த நாட்டில் கட்டினாலும் ஒரே அச்சு, ஒரே பொருள், ஒரே முறை. பாயை வேறு இடத்தில் தைத்துக்கொள்ள முடியாது. மரத்தை மெல்லிசாக்கவோ, அடிப்பாகத்தைச் செதுக்கவோ கூடாது. அதுவரை பல வகைப் பந்தயப் படகுகளில் ஒரு வரம்புக்குள் யார் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; பணக்காரர் புதுப் பாயும் புது மரமும் போட்டு வருவார், பழைய பாய்க்காரர் பின்தங்குவார். லேசரில் அந்த வழி அடைபட்டது. ஒலிம்பிக்கில் இன்னும் ஒருபடி மேலே போய், படகையும் பாயையும் போட்டி நடத்துகிறவர்களே கொடுத்துவிடுகிறார்கள். பிரேசில்காரர், இந்தியர், ஃபிஜிக்காரர் எல்லோர் கையிலும் ஒரே பொருள். அப்புறம் மிஞ்சுவது இரண்டு: ஓட்டுகிறவரின் உடம்பு, காற்றைப் படிக்கும் அவர் கண்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயும். சாயாமல் பிடிக்க, காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, பட்டையில் பாதத்தைச் செருகி, முதுகைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் கிடக்கவேண்டும். தொடையும் வயிறும் எரியும். டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் 1948 முதல் 1960 வரை நாலு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியதற்கு இந்தப் பயிற்சி ஒரு பெரிய காரணம். வீட்டிலேயே ஒரு பெஞ்சு போட்டு அதில் தொங்கிப் பழகியவர் அவர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாக் நீரிணைதான் ஞாபகம் வருகிறது. அந்தக் கரையில் படகின் குறுக்கே நீளப் பலகை போட்டு, காற்று வரும் பக்கம் அதன் நுனிவரை ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகைச் சமன் செய்யும் வழக்கத்தை, மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியான தன் ஆய்வில் பதிவு செய்திருக்கிறார். தொண்டி, நம்புதாளைப் பக்கம் கோயில் திருவிழாக்களையொட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் இன்றைக்கும் அந்தப் பலகையைப் பார்க்கலாம். ஒலிம்பிக் மேடை ஏறாத வித்தை, ஆனால் அதே வித்தை.

இனிக் காற்று. இங்கேதான் நிதானிக்கவேண்டும்.

காற்று வரும் திசைக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. லேசர் ஏறத்தாழ 45 டிகிரி விலகித்தான் போகும். வலப்பக்கம் காற்று வாங்கிக் கொஞ்ச தூரம், திரும்பி இடப்பக்கம் காற்று வாங்கிக் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்து ஏறவேண்டும். பந்தயத்தின் முதல் மிதவையை எப்போதும் காற்று வரும் திசையிலேயே போடுவார்கள் என்பதால், ஆட்டத்தின் பாதி இந்த ஏற்றத்திலேயே முடிந்துவிடும். கணக்கு எளிது. 45 டிகிரியில் ஓடினால் காற்றை எதிர்த்து 100 மீட்டர் ஏற, தண்ணீரில் 141 மீட்டர் ஓடவேண்டும். காற்று 10 டிகிரி மூக்குப் பக்கமாகத் திரும்பிவிட்டது என்று வையுங்கள். படகோட்டிகள் இதை ஹெட்டர் என்பார்கள். விடாமல் அதே பக்கம் ஓடினால் அந்த 100 மீட்டருக்கு 174 மீட்டர் ஓடவேண்டும். 10 டிகிரி தோள் பக்கமாக விலகினால் அது லிஃப்ட். 122 மீட்டரே போதும். இரண்டுக்கும் நடுவே 52 மீட்டர், அதாவது 12 படகு நீளம். ஒரே படகு, ஒரே வேகம், ஒரே உழைப்பு.

இதிலிருந்து முதல் பாடம் தானாக வருகிறது. ஹெட்டர் வந்தால் மறுபக்கம் திரும்பு. அந்தப் பக்கத்துக்கு அதே காற்று லிஃப்ட் ஆகிவிடும். லிஃப்ட் கிடைத்தால் அதை விடாமல் ஓடு.

இரண்டு படகுகளை ஒப்பிடும்போதுதான் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. பண்பொழிக்கு மேற்கே திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்கு ஏறும் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியின்மேல் காற்று வரும் திசைக்குக் குறுக்காக அப்படி அகலமான படிகள் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே படியில் இடது ஓரத்தில் ஒரு படகும் வலது ஓரத்தில் ஒரு படகும் நின்றால், எவ்வளவு தள்ளி இருந்தாலும் இருவரும் சமம். இப்போது காற்று வலப்பக்கம் 10 டிகிரி திரும்புகிறது. படிக்கட்டு முழுவதும் அதோடு சேர்ந்து திரும்பிவிடுகிறது. வலது ஓரப் படகு உட்கார்ந்த இடத்திலேயே பல படிகள் மேலே போய்விட்டது. இடது ஓரப் படகு கீழே. இருவருக்கும் நடுவே 100 மீட்டர் இருந்திருந்தால், வலப்பக்கத்துக்காரருக்குக் கிடைத்த லாபம் ஏறத்தாழ 25 மீட்டர் ஓட்டம், 6 படகு நீளம். அவர் எதுவும் செய்யவில்லை, சரியான ஓரத்தில் இருந்தார், அவ்வளவே. தள்ளி நிற்பது லாபமும் தரும், அதே அளவு நஷ்டமும் தரும் என்பதும் இந்தப் படிக்கட்டிலேயே தெரிந்துவிடுகிறது. முன்னணியில் இருப்பவர் எதிராளியை விட்டு வெகுதூரம் விலகாமல் நடுவிலேயே சுற்றுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எல்லாக் காற்றும் ஒரே விதமாகத் திரும்புவதில்லை. போய்ப்போய்த் திரும்பி வரும் காற்று ஒன்று. போனால் திரும்பாத காற்று இன்னொன்று. பந்தயத்தில் தோற்பவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டவர்கள்.

போய்வரும் காற்றுக்கு எங்கள் ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதி, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று வழி கிடைத்த இடங்களில் எல்லாம் பிதுங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. குற்றாலத்துக்குச் சாரலும் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு வேலையும் இந்த வழியில்தான் வருகின்றன. கயத்தாறில் காற்றாலைகளைச் சோதிக்க மத்திய அரசு ஒரு நிலையமே வைத்திருக்கிறது. மலைமுகட்டைத் தாண்டி இறங்கும் காற்று ஒழுங்காக இறங்காது. சுழல்கள் உருளும், பலத்த வீச்சு ஒன்று, பிறகு ஓய்வு, மறுபடி வேறொரு கோணத்தில் வீச்சு. ஆனி, ஆடியில் குளத்துக் கரையில் நின்று தண்ணீர்ப் பரப்பைப் பார்த்தால் இது அப்படியே எழுதிக் காட்டியதுபோல் தெரியும். மினுக்கிக்கொண்டிருக்கும் தண்ணீரில் திடீரென்று ஒரு திட்டு கருக்கிறது. சிற்றலைகள் நெருக்கமாகச் சிலிர்த்ததால் வந்த கருமை. திட்டு கரையை நோக்கி நகரும்போது அதன் முன்விளிம்பு விசிறிபோல் விரிகிறது. அந்த விசிறியின் இடப்பக்கத்தில் மாட்டினால் ஒரு கோணம், வலப்பக்கத்தில் மாட்டினால் இன்னொரு கோணம். அடுத்த திட்டு முந்தியதற்குக் கொஞ்சம் தள்ளி விழுகிறது. சுரண்டை வழியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு காற்றாலைகளின் முகங்களும் பல நேரம் ஒரே திசையைப் பார்ப்பதில்லை என்பதையும் கவனித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட காற்றில் பந்தயக்காரர் என்ன செய்வார்? தொடக்கத்துக்கு அரைமணி நேரம் முன்பே தண்ணீரில் இறங்கி, படகை நேரே காற்றுக்குள் திருப்பி, பாய் நடுவில் படபடக்கவிட்டு, திசைமானியில் எண்ணைப் பார்ப்பார். 250 என்று காட்டும். சில நிமிஷம் கழித்து 262. பிறகு 248, பிறகு 260. இதற்குள் ஊஞ்சலின் அகலமும், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக எடுக்கும் நேரமும் பிடிபட்டுவிடும். நடுப்புள்ளி 255. தொடக்க வேளையில் காற்று 260-இல் இருந்தால் அது வலக்கோடிப் பக்கம் இருக்கிறது, அடுத்து இடப்பக்கம்தான் போகும். அதற்கேற்ப எந்த முனையில் தொடங்குவது, எந்தப் பக்கம் முதலில் ஓடுவது என்பதெல்லாம் முடிவாகும். ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் திரும்பினாலும் நஷ்டம். திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு படகு நீளம் போய்விடும். நடுப்புள்ளியைத் தாண்டி ஹெட்டர் வந்தால் மட்டும் திரும்பவேண்டும்.

போனால் திரும்பாத காற்றுக்குச் சென்னைக் கடற்கரை உதாரணம். கோடையில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வரும். வெயில் ஏறியதும் அது செத்துக் கடற்காற்று கிளம்பும். கிளம்பும்போது கிழக்கு, தென்கிழக்கு வாக்கில் இருக்கும். பொழுது சாயச் சாயத் தெற்கு நோக்கி நகரும். கடலைப் பார்த்து ஏறுகிறவருக்கு இது வலப்பக்கம் மெல்லமெல்ல நகரும் காற்று. ஊஞ்சல் காற்றுப் பாடத்தை இங்கே வைத்துக்கொண்டு ஹெட்டர் வந்ததும் திரும்பிவிட்டால் மோசம்போவோம். காற்று எந்தப் பக்கம் நகரப்போகிறதோ அந்தப் பக்கத்துக்கே முதலில் போகவேண்டும். ஹெட்டரில் முகம் சுளிக்காமல் அதற்குள்ளேயே ஓடி, மற்றவர்களைவிட உள்ளே போய், பிறகு திரும்பவேண்டும். படிக்கட்டு எந்தப் பக்கம் தூக்குமோ அந்த ஓரத்தில் முன்கூட்டியே போய் நிற்பது என்று சொல்லலாம்.

இந்த அறிவும் ஒருநாளில் பிறக்கவில்லை. ஜெர்மனியில் வாழ்ந்த மான்ஃபிரெட் கரி என்ற மருத்துவர் 1925-இல் பாயின்மேல் காற்று ஓடும் விதத்தையும் பந்தய உத்திகளையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுதினார். ஒரு படகு மற்றொன்றின் காற்றைக் கெடுப்பது எப்படி என்பதெல்லாம் அதிலிருந்துதான் முறையான பாடமாக ஆனது. 1966-இல் சின்னப் படகுப் பந்தய உத்திகளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதிய ஸ்டூவர்ட் வாக்கரும் மருத்துவர், அமெரிக்கக் குழந்தை மருத்துவர். நோயாளியின் சின்னச் சின்ன அறிகுறிகளைச் சேர்த்துவைத்து முடிவுக்கு வரும் பழக்கம் அவர்களுக்குத் தண்ணீரிலும் கைகொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. லேசர் வந்ததும் இந்தப் பாடங்கள் எல்லோருக்கும் பொதுவாயின. படகு வித்தியாசம் இல்லாத இடத்தில், ஜெயித்தவர் ஏன் ஜெயித்தார் என்பதை மறைக்க வழியில்லை.

காற்றைக் கெடுப்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் 2000 சிட்னி ஒலிம்பிக். கடைசிப் பந்தயத்துக்கு முன் பிரேசிலின் ராபர்ட் ஷைட் முன்னிலை, பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி இரண்டாமிடம். தங்கம் வேண்டுமானால் ஷைட் வெகுவாகப் பின்தங்கவேண்டும். ஐன்ஸ்லி மற்றவர்களை விட்டுவிட்டார். தன் பாய் உடைத்துக் கலக்கிய காற்று ஷைட்டின் பாய்க்குப் போகும்படி அவருக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு, கூட்டத்தின் கடைசிவரை இழுத்துப்போய்விட்டார். தங்கம் ஐன்ஸ்லிக்கு. விதிக்கு உட்பட்டதுதான். எனக்கு ரசிக்க மனம் வரவில்லை. நாலு வருஷம் கழித்து ஏதென்ஸில் ஷைட் மறுபடி தங்கம் வாங்கியதுதான் மனசுக்குப் பிடித்த பகுதி.

சென்னைக்குப் பாய்மரப் பந்தயம் லேசருக்கு வெகுமுன்பே வந்துவிட்டது. துறைமுகத்தைச் சீரமைத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், 1911-இல், ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது. நீண்டகாலம் அது துரைமார் பொழுதுபோக்காகவே இருந்தது. கதவு அகலமாகத் திறந்தது தமிழ்நாடு படகோட்டச் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்த ஆரம்பித்தபிறகுதான். நேத்ரா 2009-இல் அப்படியொரு முகாமில் வந்து சேர்ந்தவர். பரதநாட்டியம் முதல் டென்னிஸ் வரை பார்த்துவிட்டுக் கடைசியில் காற்றில் நிலைத்தார். 2020 ஜனவரியில் மியாமி உலகக் கோப்பைப் போட்டியில், சின்னப் பாய் கொண்ட லேசர் ரேடியல் பிரிவில் வெண்கலம் வாங்கினார். உலகக் கோப்பைப் படகோட்டத்தில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். விஷ்ணு ராணுவக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவே படகோட்டி, முதல் ஆசான். 2019-இல் குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில் 21 வயதுக்குட்பட்டோர் லேசர் உலகப் போட்டியில் வெண்கலம், 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இன்னொரு வெண்கலம்.

டோக்கியோ ஒலிம்பிக்கின் படகுப் போட்டி எனோஷிமாவில் நடந்தது. 1964 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அதே துறை; அந்த வருஷம் கனடாவுக்காக அங்கே பாய் விரித்தவர்களில் கிர்பியும் ஒருவர். 2021 ஜூலையில் இந்தியாவிலிருந்து மூன்று பிரிவுகளில் நால்வர் போனார்கள்: நேத்ரா, விஷ்ணு, இரட்டையர் பிரிவில் கே.சி.கணபதியும் வருண் தக்கரும். நால்வருமே தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். முன்னிருவர் ஓட்டியது கிர்பியின் படகை. அதே மாதம், போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், தன் 92-ஆம் வயதில் கிர்பி காலமானார். விஷ்ணு 20-ஆம் இடத்தில் முடித்தார். 2024-இல் மார்செய் கடலில் அவர் 18, நேத்ரா 21. பதக்க வரிசையில் பார்த்தால் இவை பெரிதாகத் தெரியாது. ஐரோப்பியப் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே பலவகைக் காற்றில் பழகி வளர்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அவற்றின் கனம் தெரியும்.

இதற்கு நடுவே படகின் பெயரும் மாறிவிட்டது. யார் கட்டலாம், பெயர் யாருக்குச் சொந்தம் என்று கட்டுபவர்களுக்கும் கிர்பிக்கும் லேசர் படகோட்டிகளின் உலகச் சங்கத்துக்கும் நடந்த நீண்ட தகராறின் முடிவில், 2019 முதல் சங்கத்தின் பெயரிலேயே ஐ.எல்.சி.ஏ. என்று வழங்குகிறது. 7, 6, 4 என்று மூன்று அளவு. எண்கள் பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் ஏறக்குறையச் சொல்பவை. உடல் மூன்றுக்கும் ஒன்றே. கனத்த ஆள் 7-ஐ எடுக்கலாம், பெண்கள் ஒலிம்பிக்கில் 6, பள்ளிப் பிள்ளைகள் 4. ஒரே படகில் பாயையும் அடிமரத்தையும் மட்டும் மாற்றி ஒரு குடும்பமே ஓட்டலாம் என்பது கிர்பி அன்று நினைக்காத வரம்.

எங்கள் மாவட்டத்துக் குளங்களிலும் இந்தப் படகை ஓட்டலாம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடல் இல்லாத ஊரில் இந்தப் படகு ஓடாது என்பது தப்பு. ஹைதராபாத்தில், நகரத்தின் நட்டநடுவே உள்ள ஹுசேன் சாகர் ஏரியில், பருவக்காற்று வீசும் ஜூலை வாக்கில் பல ஆண்டுகளாக லேசர் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. சுற்றிலும் கட்டடங்கள் காற்றை உடைத்து அனுப்புவதால் அங்கே ஓட்டுவது கடலில் ஓட்டுவதைவிடச் சிக்கலானது. அந்தச் சிக்கல்தான் கண்ணைத் தேற்றுகிறது. லேசரின் நடுப்பலகையை முழுதாக இறக்கினாலும் 80 சென்டிமீட்டர் ஆழம் போதும். பெருகிய குளத்தில் அதற்கு மேலேயே தண்ணீர் நிற்கும்.

மேக்கரையில் அடவிநயினார் அணை தென்மேற்குப் பருவத்திலேயே பெருகுகிறது, ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்று பழகாத பிள்ளைகளுக்கு ஆகாது, அது தேறியவர்களுக்கு. தொடங்கவேண்டியது வடகிழக்குப் பருவத்தில், குளங்கள் நிறைந்து காற்று மெலிந்திருக்கும் மாதங்களில். நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். மாவட்ட விளையாட்டுத் துறை மனசு வைத்து, சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரையும் பழைய படகுகள் நாலைந்தையும் சின்னப் பாயோடு வரவழைக்கவேண்டும். மீட்புக்கு ஒரு மோட்டார் படகு, பிள்ளைகள் எல்லோர் உடம்பிலும் மிதவைச் சட்டை, கரையில் நீச்சல் தெரிந்த இரண்டு பேர். முதல் வாரம் படகில்கூட ஏற்றவேண்டாம். கரையில் நிறுத்தி, அடுத்த கருந்திட்டு எங்கே விழும், எந்தக் கோணத்தில் விழும் என்று சொல்லச் சொல்லிக் கேட்கலாம். வயல்காட்டில் நெல் தூற்றிய வீட்டுப் பிள்ளைகள் அதில் பாதியை ஏற்கெனவே தெரிந்துதான் வருவார்கள்.